நாற்காலி சும்மா

எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் நாலுவரி வாயைத் திறப்பாள். அவள் தொழில் அப்படி. பெரிய விளம்பரத்துக்கு வசதியில்லாத சின்னக் கடைகளுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பவள். சாவி போடுகிறவர், சைக்கிள் பழுது பார்க்கிறவர், பல் டாக்டர் என்று யார் கூப்பிட்டாலும் ஒரு சாக்பீஸ், ஒரு தூரிகை, கொஞ்சம் கலர், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், இவ்வளவுதான் அவள் முதலீடு. எந்தக் கடைக்கும் நாலு வரிக்கு மேல் தேவையில்லை, நாலு வரிக்கு மசியாத வாடிக்கையாளர் நானூறு வரிக்கும் மசியமாட்டார் என்பது அவள் கட்சி. அதனாலேயே நாலுவரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

இஸ்திரிக் கடைக்கு 'மடிப்பு எங்களுடையது, மதிப்பு உங்களுடையது' என்று எழுதியவள் அவள்தான். பல் டாக்டர் வாசலில் 'நீங்கள் வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பேசிக்கொள்கிறோம்' என்று எழுதி, டாக்டரின் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் அவள்தான். திட்டு விழுந்ததே தவிரக் கூட்டம் குறையவில்லை.

ஆனால் உள்ளூர் மாடு விலை போகாது. சொந்த அக்காவின் கடைக்கு அவளை ஒரு வரி எழுத விட்டதில்லை, அக்காவின் கணவர்.

அது நாற்காலிக் கடை. செய்வது அக்கா, விற்பது அவர். மரச்சட்டம் அறுப்பதிலிருந்து பஞ்சு அடைத்து, துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது வரை பின்னறை முழுக்க அக்காவின் ராஜ்யம். முன்னறை அவருடையது. தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. துடைப்பார், அடுக்குவார், அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்குவார். உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத சொல் 'சும்மா'. யாராவது சும்மா நின்றால் பொறுக்காது. 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்று பொழுது சாயும்வரை முகம் கடுகடுவென்று இருக்கும். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு குடித்தனம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அக்காவிடம் கேட்க வேண்டும்.

அந்த அக்காதான் புதன்கிழமை போன் செய்தாள். தெருக்கோடியில் பெரிய ஷோரூம் ஒன்று வந்ததிலிருந்து கடை காற்று வாங்குகிறது. அந்த ஷோரூம் மேனேஜரே பம்பரத்தை விற்பனையாளராக வரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் போன் செய்வார், முடிவு சொல்லியாக வேண்டும். பம்பரம் போவது என்று தீர்மானித்துவிட்டார். கடையைக் காலி செய்துவிடலாம், இனிமேல் நீ வீட்டில் சும்மா இருக்கலாம் என்று வரம் கொடுக்கிற மாதிரி மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

"எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதுடி," என்றாள் அக்கா. "கடை போனா பின்னறையும் போயிடும். அப்புறம் நான் யாரு?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்குப் போய் நின்றாள். வழக்கம்போல முதலில் படித்தாள். கடைக்காரர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தால் போதும், வருகிறவர்களை விரட்டுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் எழுதுவார்கள். இங்கேயும் 'கடன் கேட்காதீர்கள்' இருந்தது. 'பேரம் பேசாதீர்கள்' இருந்தது. கதவில் 'செருப்போடு வராதீர்கள்'. அதெல்லாம் எங்கும் உள்ளதுதான். ஆனால் கடையின் முகப்பில், நாற்காலிகளுக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. அதைப் படித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

'தயவுசெய்து உட்காராதீர்கள்.'

நாற்காலிக் கடையில்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பம்பரம் துடைப்பதை நிறுத்திவிட்டு, என்ன வந்தது உனக்கு என்று கேட்டார். கேட்டவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கண்டவனும் வந்து உட்கார்ந்தால் துணி அழுக்காகாதா என்றார். அதனால்தான் எல்லா நாற்காலிக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருப்பதாகவும் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அக்கா பார்த்துப் பார்த்துச் செய்த அத்தனை நாற்காலியும் மூச்சு முட்டிக்கொண்டு நின்றன.

நாலுவரி சிரிப்பை அடக்கினாள். உள்ளே என்னவோ பற்றிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. வாசகம் கிடைத்துவிட்டால் அவளுக்குக் கை நமநமவென்று அரிக்கும். இப்போது தோள்வரைக்கும் அரித்தது.

"மாமா, சனிக்கிழமை போன் வர்ற வரைக்கும் எனக்கு விடுங்க. ஒரு பைசா செலவில்ல. இந்தப் பலகையத் திருப்பி எழுதிக்கிறேன்."

செலவில்லை என்ற சொல் பம்பரத்தைக் கொஞ்சம் அசைத்தது. உறையைப் பிரிக்கக் கூடாது, மாதிரிக்கு வைத்திருந்த பழைய நாற்காலி ஒன்றை மட்டும் வெளியே போடலாம் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை போன் வருவதற்குள் ஒன்றாவது விற்றால் யோசிப்பதாகவும் சொன்னார். விற்காது என்று தெரிந்தவர்கள் கொடுக்கிற வாக்கு அது.

அவள் பலகையைத் திருப்பினாள். நெட்டையான பலகை. அதில் வரிக்கு ஒரு சொல்லாக, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினாள்.

நாற்காலி
சும்மா
உட்கார்ந்து
பாருங்கள்

"இந்த வார்த்தைதான் கெடைச்சுதா உனக்கு?" என்றார் பம்பரம், இரண்டாவது வரியை மருந்து குடிப்பவர்போலப் பார்த்து.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்கள். எதிரே பஸ் நிறுத்தம். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்தவர், அப்படிப்பட்டவரிடம் உட்காரச் சொன்னால் விடுவாரா? உட்கார்ந்தார். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. அவர் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. அவர் ஒருவழியாக எழுந்ததும் காவலாளி ஒருவர், அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு பெண், அப்புறம் கூரியர் கொண்டுவருபவர். நாலுவரி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு முதுகையும் எண்ணிக் குதித்தாள். பம்பரம் உள்ளே நின்றுகொண்டு பல்லைக் கடித்தார். வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள், நன்றி சொன்னார்கள், போனார்கள். விலை என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. கண்டக்டர் மட்டும் வேலைக்கு வருவதுபோலச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மதியம் வெயில் ஏறியதும், நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் பலகைக்கு முன்னால் நிழலில் போட்டுக்கொண்டார். பாவம், அவர் என்ன கண்டார்? நல்ல அகலமான ஆள். அவருடைய தோளும் தலையும் பலகையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டன. பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ ஒருவர் கண்ணில் பட்டது மேலே இருந்த இரண்டு வரிதான்.

நாற்காலி
சும்மா

அதன் கீழே சாட்சிக்கு ஒருவர் சொகுசாகக் கண்ணை மூடிக்கொண்டு வேறு உட்கார்ந்திருக்கிறார். படம் பிடித்தார்கள். போனில் ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார், பத்துப் பேர் நூறு பேருக்கு. சும்மா கிடைக்கிறது என்றால் கேட்க வேண்டுமா? நாற்காலிக் கடையில் நாற்காலியைச் சும்மா கொடுக்கிறார்களாம் என்கிற செய்தி, நாலுவரி எழுதிய எந்த வாசகமும் ஓடாத ஓட்டம் ஓடியது.

சனிக்கிழமை காலை மூவரும் கடைக்கு வந்தபோது ஷட்டருக்கு முன்னால் கூட்டம் நின்றது. நாலுவரி நின்ற இடத்திலேயே தலைகளை எண்ண ஆரம்பித்தாள். தன் நாலு வரிக்கு இத்தனை கூட்டமா? அக்காவின் கையைப் பிடித்து இறுக்கினாள். அப்புறம்தான் கவனித்தாள். ஒருவர் கயிறு வைத்திருந்தார். ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு வந்து, ஆளுக்கொன்று என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையின் முதல் ஆள், பழைய சாமான் வாங்குகிற தள்ளுவண்டிக்காரர், வண்டியையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"எத்தன மணிக்குக் குடுக்கப் போறீங்க?" என்றார் தள்ளுவண்டிக்காரர். "சும்மா தர்றதா போட்டிருக்கே."

அவர் போனில் காட்டிய படத்தை நாலுவரி குனிந்து பார்த்தாள். கையெழுத்து அவளுடையது. பிழை இல்லை, சந்தி சுத்தம், அளவு கச்சிதம். வரியை எங்கே உடைப்பது என்பதில்தான் கோட்டை விட்டிருந்தாள். ஒருவர் உட்கார்ந்தால் எந்த வரி மறையும் என்று உட்காரச் சொல்லி எழுதியவள் யோசிக்கவில்லையே! தொழிலில் இத்தனை காலம் குப்பை கொட்டி என்ன பிரயோஜனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பம்பரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா ஆக்கிட்டியேம்மா," என்றார். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் அவளைச் சுட்டது. ஷட்டரைத் திறக்க வேண்டாம், திரும்பிப் போய்விடலாம், போன் வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

அக்கா அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, குனிந்து, ஷட்டரைத் திறந்தாள்.

அதைப் பார்த்ததும் நாலுவரிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. பலகையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நாலு வரியையும் உரக்கப் படித்தாள். கூட்டம் முணுமுணுத்தது. ஏமாற்று வேலை என்றார் கயிற்றுக்காரர். பிள்ளைகளோடு வந்த பெண், பஸ் செலவை யார் கொடுப்பது என்று கேட்டாள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. தப்பு என்னுடையதுதான், வரியை உடைத்த இடம் சரியில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். வந்தது வந்தீர்கள், நல்ல நாற்காலி, உட்கார்ந்தாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள்.

தள்ளுவண்டிக்காரர் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தார். ஊரெல்லாம் பழைய சாமான் பார்த்துப் பழகிய கண். அது நேராகப் போய் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

"நல்ல நாற்காலி, நல்ல நாற்காலின்னு சொல்றீங்க," என்றார். "கடைக்காரர் எதுல உக்கார்றாரு?"

எல்லோரும் பார்த்தார்கள். கல்லாவுக்குப் பின்னால், காலொன்று வளைந்துபோன ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது.

கூட்டம் ஓவென்று சிரித்தது. நாலுவரிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் எல்லாப் பலகையையும் படித்தவள், இதைப் படிக்காமல் விட்டிருந்தாள். பம்பரம் கூனிக்குறுகி நின்றார். எனக்கு உட்கார நேரம் ஏது என்று ஏதோ சொல்லிப் பார்த்தார், அது யார் காதிலும் விழவில்லை. அப்படியானால் இந்தக் கடை நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்ததே இல்லையா என்று பிள்ளைக்காரப் பெண் கேட்டாள். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியின் உறையைக் கையால் துடைக்க ஆரம்பித்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

"நீங்க உக்காந்து காட்டுங்க," என்றார் தள்ளுவண்டிக்காரர். "அப்புறம் நாங்க உக்கார்றோம்."

யாரும் எதிர்பார்க்காத ஒன்றை அக்கா அப்போது செய்தாள். உள்ளே போய், வரிசையில் கடைசியாக நின்ற நாற்காலியை முன்னால் இழுத்து வந்தாள். அகன்ற கை, சற்றே சாய்ந்த முதுகு, கரும்பச்சைத் துணி. பிளாஸ்டிக் உறையின் விளிம்பைப் பிடித்தாள். பம்பரத்தின் கை தானாக நீண்டது, தடுப்பதற்கு. அவள் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியிலேயே நின்றது. சர்ரென்று கிழித்தாள். புதுத் துணியின் வாசனை கடை முழுக்கப் பரவியது.

"உக்காருங்க," என்றாள். "உங்க முதுகுக்குத்தான் செஞ்சேன். நீங்க உக்காரவே இல்ல, அதான் விக்கிறதுல கொண்டுவந்து வெச்சேன்."

பம்பரம் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். உட்காரத் தெரியாதவர்போல முதலில் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். முதுகு போய்ச் சாய்ந்தது. கை இரண்டும் நாற்காலியின் கைமேல் தானாகப் போய் அமர்ந்தன, அளவெடுத்ததுபோல. அளவெடுத்ததுதானே! ஒரு பெருமூச்சு விட்டார். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு போலிருக்கிறது, வந்துகொண்டே இருந்தது. நாலுவரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது..." என்றார் பம்பரம். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "சும்மா சொல்லக் கூடாது. இந்த மாதிரி ஒரு நாற்காலியில நான் உக்காந்ததே இல்ல."

அக்கா கிழித்த பிளாஸ்டிக்கைக் கையில் சுருட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நாலுவரிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்தது. அக்காவைப் பார்த்துச் சிலிர்த்ததா, அந்த மூன்று சொற்களைக் கேட்டுச் சிலிர்த்ததா என்றால் இரண்டும்தான், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. வாழ்நாள் முழுக்கச் 'சும்மா' என்ற சொல்லை வாசற்படி ஏற விடாத மனிதர் வாயிலிருந்து, அவளே எழுதியிருக்க முடியாத வாசகம் விழுந்திருக்கிறது.

அதன்பிறகு கடையில் நடந்ததைக் கூத்து என்றுதான் சொல்ல வேண்டும். சர், சர்ரென்று உறைகள் கிழிந்தன. கிழித்தவர் பம்பரம் இல்லை, அவர் எழுந்திருக்கவே இல்லை. நாலுவரியும் அக்காவும் கிழித்தார்கள், கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கயிற்றுக்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஏமாற்று வேலை என்று இன்னொரு முறை சொன்னார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அக்கா ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று பார்த்தாள். உங்களுக்கு இது உயரம் ஜாஸ்தி, இதுக்கு வாங்க என்று ஆட்களை இடம் மாற்றி உட்கார வைத்தாள். பின்னறையை விட்டு வெளியே வராதவள், முன்னறையில் அப்படி வளைய வந்தாள். எப்போதும்போல வந்து சேர்ந்த கண்டக்டர், தன் இடம் பறிபோனதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

தள்ளுவண்டிக்காரர் நாலைந்து நாற்காலி மாறி உட்கார்ந்தார். கடைசியில் உயரம் குறைந்த ஒன்றில் உட்கார்ந்து, அதன் கையைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டார். அக்கா சொன்னாள். அவர் பாதியைச் சொன்னார். சுவரில் இருந்த 'பேரம் பேசாதீர்கள்' பலகையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுபறி முடிந்ததும் அவரே நாற்காலியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். வீட்டில் அம்மாவுக்கு மூட்டுவலி, எழுந்திருக்கச் சுலபமாக இருக்கும் என்றார். பிறகு நாலுவரியைப் பார்த்து, சும்மா கொண்டுபோகத்தான் வண்டி கொண்டுவந்தேன், காசு கொடுக்க வைத்துவிட்டாய் என்று சிரித்தார்.

நாலுவரிக்குக் கை நிற்கவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து பலகையின் கீழ் இரண்டு வரிகளையும் அழுத்தித் துடைத்தாள். மேல் இரண்டும் அப்படியே இருக்க, கீழே புதிதாக எழுதினாள்.

நாற்காலி
சும்மா
சொல்லக்
கூடாது

இந்தத் தடவை பலகையை ஷட்டருக்கு மேலே, எவ்வளவு நெட்டையான ஆள் வந்தாலும் தலை மறைக்காத உயரத்தில் மாட்டினாள். கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று படித்துப் பார்த்தாள். நாலு வரியும் தெரிந்தது. அங்கேயே நின்று ஒரு குதி குதித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது கல்லாமேல் இருந்த பம்பரத்தின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று நின்றுவிட்டாள். யார் என்று மூவருக்கும் தெரியும். போன், கரும்பச்சை நாற்காலியிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. பம்பரம் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எழுந்திருப்பவர்போல நாற்காலியின் கையைப் பிடித்தார். பிறகு, கால் இரண்டையும் நன்றாக நீட்டிக்கொண்டார்.

"நீயே எடும்மா," என்றார் நாலுவரியிடம்.

அவள் எடுத்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, மாமா என்ன செய்கிறார் என்று மேனேஜர் கேட்கிறார், சும்மா இருக்கிறார் என்று சொல்லவா என்று கிசுகிசுத்தாள்.

"ஐயையோ, சும்மா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத, வேலைக்குக் கூப்பிட்டுருவாங்க," என்றார் பம்பரம். "உக்காந்திருக்கேன்னு சொல்லு."